இடமில்லாத பூஜ்யம்

கமலக்கண்ணன் எழுதிய புரோகிராமில் கணக்கு எங்கும் தப்பவில்லை. அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் உள்ளங்கை அகலத் திரை. மருந்தின் அளவை அது காட்டும். பவுலினின் கைக்குழந்தைக்கு வலிப்பு மருந்து அரை மில்லி. திரையில் .5 என்று வந்தது. நர்ஸ் ஐந்து என்று படித்து, சிரிஞ்சில் ஐந்து மில்லி இழுத்துவிட்டாள். "இவ்வளவா?" என்று பவுலின் நர்ஸின் கையைப் பிடித்ததால் பிள்ளை தப்பியது.

"புள்ளி வெச்சிருக்கேன் மேடம். கண்ணைத் திறந்து பார்க்காதது என் குத்தமா?" என்றான் தெக்லாவிடம்.

தெக்லா அவனைவிட வயதில் சின்னவள். ஆனால் கம்பெனியில் அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள். அவள் அவனை வார்டுக்குக் கூட்டிப்போனாள்.

பவுலின் பிள்ளையை மார்போடு இறுக்கியபடி நின்றாள். அடுத்த வேளை மருந்துக்கு நேரம் தாண்டிவிட்டது. இந்தத் திரை இருக்கும்வரை ஒரு சொட்டுகூட விடமாட்டேன் என்று டாக்டரையே திருப்பி அனுப்பியிருந்தாள்.

"இதை எழுதினவர் இவர்தானா?" என்றாள். "நர்ஸம்மா உள்ளே அழுதுக்கிட்டு இருக்காங்க. இவருக்குச் சட்டைகூடக் கசங்கல."

தெக்லா பக்கத்துக் கட்டிலின் திரையைக் காட்டினாள். "படிங்க."

"புள்ளி எட்டு."

அவள் ஈரப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாள். புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது. காய்ந்த சிரப்.

"இந்தப் பிள்ளைக்கு எட்டு மில்லி. நீங்க பத்துல ஒரு பங்குதான் கொடுத்திருப்பீங்க. புள்ளிக்கு முன்னால எப்பவும் பூஜ்யம் வந்திருந்தா, இது வெறும் கறைன்னு தெரிஞ்சிருக்கும்."

கமலக்கண்ணனுக்குக் காது சுட்டது. "கம்ப்யூட்டருக்கு, புள்ளி முன்னால பூஜ்யம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று முனகினான்.

"மருந்து குடிக்கப்போறது கம்ப்யூட்டரா?" என்றாள் பவுலின்.

அவள் தோளில் கிடந்த பிள்ளையின் கை ஒருமுறை வெட்டி இழுத்தது.

கமலக்கண்ணன் லேப்டாப்பைத் திறந்தான். முன்னால் பூஜ்யம் சேர்த்தான். ஐந்து என்ற இலக்கம் திரையின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டது. எழுத்தைச் சின்னதாக்கினான், புள்ளி கண்ணுக்கே தெரியவில்லை.

"முடியல மேடம். பூஜ்யத்துக்கு இடமே இல்ல."

தெக்லா திரையைப் பார்த்தாள்.

"நம்ம கம்பெனி பேர் பாதித் திரையில உட்கார்ந்திருக்கு. அதைத் தூக்குங்க."