வெட்டிவேர்ச் சட்டையும் உருகாத சிங்கமும்

சூரியனுக்கு அளவாக அடிக்கத் தெரியாத அந்தக் காலத்திலே, கானலூர் என்கிற நாட்டை வீரகண்டராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். கோடை வந்துவிட்டால் ராஜாவின் நிழல்கூட அவரோடு வெளியே வராது. மண்டபத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, மேலே கேளுங்கள்.

ஒருநாள் காலையில் ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பக்கத்து நாட்டு ராஜா சாப்பிட வாயைத் திறக்கும்போது சோற்று உருண்டை கை நழுவி விழ வேண்டும். அப்படி முழங்குகிற வெண்கல மணி ஒன்று வேண்டும்! வார்ப்புத் தெருத் தலைவன் சடையன் யானை உயரத்துக்கு உலை கட்டினான், சுற்றிலும் தீக்குக் காற்றூதப் பத்துத் துருத்தி வைத்தான். ஆனால் கத்திரி வெயிலும் உலைச்சூடும் சேர்ந்து அடித்ததில், துருத்தி மிதித்த ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். காற்று நின்றது, தீ தணிந்தது, வெண்கலம் பாதியில் உறைந்தது. இரண்டு தரம் இதே கதை.

"மூன்றாம் உலையும் தவறினால் வார்ப்புத் தெருவின் நாற்பது குடும்பமும் நாட்டை விட்டுப் போகட்டும்!" என்றார் ராஜா.

"சரியான தீர்ப்பு மகாராஜா!" என்றார் ஆடைச்சாலை அதிகாரி கனகசபாபதியார். ராஜாவுக்கு உடுத்திவிடுகிற உத்தியோகம் அவருக்கு. "சூடாம் சூடு! எல்லாம் சோம்பல்."

அந்த நேரம் பார்த்து சடையன் பெண்சாதி வேம்பாயி சபைக்குள் வந்தாள். உலைக்களத்தில் தண்ணீர் கொடுப்பவள். அவள் கையில் வெட்டிவேரால் பின்னிய சட்டை ஒன்று. அதன் முதுகில் ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கையிலிருந்து நாலு துணித்திரி இறங்கி, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வேருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது.

"மகராசா, ஈரம் காயக் காய ஒடம்பு குளுந்துக்கிட்டே இருக்கும். இதைப் போட்டா எங்க ஆளுக விழ மாட்டாங்க."

கனகசபாபதியார் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஜன்னலில் தொங்க வேண்டிய தட்டி ஆள்மேல் தொங்குகிறதே! மூன்று நாள் கொடுங்கள் மகாராஜா. குளிர்ச்சிச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று நான் காட்டுகிறேன்."

"காட்டும்" என்றார் ராஜா. "நீ தோற்றால், வேம்பாயி, மூன்றாம் உலையே கிடையாது. அன்றைக்கே மூட்டை கட்டுங்கள்."

கனகசபாபதியார் என்ன செய்தார்? சத்தமில்லாமல் அவள் சட்டையையே காப்பியடித்தார். ஆனால் வெறும் வேரோடு ராஜா முன்னால் நிற்பதா? ஆடைச்சாலை மானம் என்னாவது? மேலே மூன்று சுற்று ஜரிகைப் பட்டு வைத்துத் தைத்தார். பட்டில் ஈரம் ஊறிவிடக் கூடாதே என்று நடுவில் மெழுகுத்துணியும் வைத்தார். எறும்பு மூச்சுவிடக்கூட இடமில்லை.

மூன்றாம் நாள் உச்சிவேளை. உலை கனன்றது.

"ஆளுக்கொரு துருத்தி மிதியுங்கள். சூடு என்று முதலில் சொல்கிறவர் தோற்றார்" என்றார் ராஜா.

"எங்க வாயை நம்பாதீங்க மகராசா" என்றாள் வேம்பாயி. "மணி வார்க்க முதல்ல மெழுகுலதான் உரு பிடிப்போம். அந்த மெழுகு ரோசக்காரி, வெக்கை பட்டா முகம் மாறிடுவா. ஆளுக்கு ஒரு வில்லை. அதுல உங்க சிங்க முத்திரையைப் பதிச்சுக் குடுங்க. நெஞ்சோட வச்சுக்கறோம்."

ராஜா மோதிரத்தை அழுத்திக் கொடுத்தார். கொடுத்தவர் கண்ணில் ஓரமாக இன்னொரு துருத்தி பட்டது. மூங்கில் குழாய் வைத்து அதன் காற்றை இருவர் முதுகுக்கும் திருப்பியிருந்தார்கள்.

"பத்துதானே உண்டு. இந்தப் பதினோராவது எதற்கு?"

"நெருப்புக்குப் பத்து வச்சோம். மனுசனுக்கு ஒண்ணு வேணாமா?"

மிதித்தார்கள். வேம்பாயி ஆற்றங்கரையில் நடப்பதுபோல மிதித்தாள். கனகசபாபதியார் முகம் பழுத்த மிளகாய் ஆயிற்று; கழுத்துப்பட்டி வழியாகக் கொழுக்கட்டைப் பானைபோல ஆவி வந்தது.

"எப்படி இருக்கிறது அதிகாரியாரே?"

"குளிர் மகாராஜா! பல் கிட்டுகிறது!"

"கம்பளி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"கொண்டு... வர..." பாவம், அப்படியே சாய்ந்தார்.

முதலில் ஓடியது வேம்பாயிதான். பட்டைக் கத்தரித்துப் பிரித்து, தன் குடுக்கைத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். அவர் கண் விழித்தபோது எதிரே ராஜா நின்றார்.

"என் சிங்கம் எங்கே?"

சிங்கம் வயிற்றில் வழிந்து, தொப்புளில் குளம் கட்டியிருந்தது.

வேம்பாயி தன் வில்லையை நீட்டினாள். பிடரியில் ஒரு மயிர் கலையவில்லை. தொட்டார் ராஜா, சில்லென்றிருந்தது. அவளிடமே ஒரு சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு துருத்திமேல் ஏறினார்.

எதிரே கல்லையும் கரைக்கிற தீ. முதுகிலோ மலையிலிருந்து இறங்கி வந்த மார்கழி. வேர் மணத்தது. புல்வேரும் தண்ணீரும் துருத்திக் காற்றும் சேர்ந்து சூரியனையே ஓர் அடி தள்ளி நிற்கவைத்துவிட்டதா! ராஜா குழந்தைபோல வாயைத் திறந்தபடி மிதித்தார். இறங்கவே மறந்துபோனார்.

மறுநாள் மூன்றாம் உலை. பத்துப் பேருக்கும் வெட்டிவேர்ச் சட்டை. வெண்கலம் விடியற்காலைச் சூரியனை உருக்கி ஊற்றியதுபோல அச்சுக்குள் இறங்கியது. ஒருத்தர் விழவில்லை.

"என்ன வேண்டும், கேள் தாயே" என்றார் ராஜா.

"உலை மூட்டுறதுக்கு முன்னால பதினோராவது துருத்தி ஓடணும். அதைச் சட்டமாக்குங்க."

சட்டமாயிற்று. கனகசபாபதியாருக்கும் புது உத்தியோகம்: கோடை முடியும்வரை குடுக்கைகளில் தண்ணீர் நிரப்புவது. பட்டில்லாமல்.

மணி முழங்கியது. பக்கத்து நாட்டு ராஜாவின் சோற்று உருண்டை உண்மையாகவே விழுந்தது. கொதித்துப்போய் யானை ஏறி, வேர்க்க விறுவிறுக்க உலைக்களத்துக்கு வந்து நின்றார். சட்டைகளைப் பார்த்தார். வந்த சண்டை மறந்துபோயிற்று.

"எனக்கும் ஒன்று கிடைக்குமா?"

"மிதிக்கிறவருக்குத்தான் சட்டை" என்றார் வீரகண்டராயர், துருத்திமேல் நின்றபடியே. "எட்டாவது காலியாக இருக்கிறது. ஏறும்!"

ஏறினார். பொய் என்பீர்களா? ஒன்பதாவதில் நின்றவன் நான்தானே!