தலைவர் முதுகில் உட்கார்ந்த காக்கை

மூங்கில் மண்டிக் கிடந்த ஒரு காட்டில், குழந்தைகளே, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜப் பள்ளிக்கூடம்தான்! மந்தி டீச்சர் மரக்கிளையில் உட்கார்ந்து பாடம் நடத்தும். மான்குட்டி, முயல்குட்டி, பன்றிக்குட்டி எல்லாம் கீழே உட்கார்ந்து படிக்கும்.

அங்கே முதல் பாடம் சிறுத்தைப் பாடம். சிறுத்தையின் வாடை அடித்தால் எப்படிக் குரல் கொடுப்பது, குரல் கேட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் அந்தப் பாடம்.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. எல்லா மிருகங்களும் கூடி, ஆளுக்கொரு இலை போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். நல்லவர்தான். ஆனால் ஜெயித்த மறுநாளே ஓர் அண்டங்காக்கை வந்து அவர் முதுகில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு யாரும் இலை போடவில்லை. போட்டியில் நின்றிருந்தால் ஒரு சருகுகூட விழுந்திருக்காது! உண்ணி பொறுக்குகிறேன் என்று உட்கார்ந்தது, அப்படியே காதுப் பக்கம் நகர்ந்தது. தலைவருக்கு முதுகு சுகமாக இருந்தது. அதனால் காக்கை சொன்னதெல்லாம் அவருக்குச் சரியாகவே பட்டது.

ஒருநாள் காக்கை, "தலைவரே, இந்தக் காட்டில் சிறுத்தையே கிடையாது. இல்லாத சிறுத்தைக்கு எதற்குப் பாடம்? பிள்ளைகள் பயந்து சாகின்றன. அதை எடுத்துவிட்டுத் தலையாட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் தலையாட்ட வேண்டும், அதுதான் ஒழுக்கம்" என்றது.

"நல்ல யோசனை!" என்று தலைவர் உடனே உத்தரவு போட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து குட்டிகள் எல்லாம் பூம்பூம் மாடு மாதிரி காலை முதல் மாலை வரை தலையை ஆட்டின. முயல்குட்டிக்குக் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

ஒரு தாய்மானால் இதைப் பொறுக்க முடியவில்லை. போன கோடையில்தான் அதன் மூத்த குட்டியைச் சிறுத்தை கொண்டுபோயிருந்தது. இளைய குட்டி சுட்டி இந்த வருஷம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தது. மான் நேரே தலைவரிடம் போனது.

"ஐயா, சிறுத்தை இல்லை என்று யார் சொன்னது? என் மூத்த பிள்ளையை வாரிக் கொடுத்தவள் நான்! சுட்டியையும் கொடுக்கச் சொல்கிறீர்களா?"

தலைவர் வாய் திறப்பதற்குள் காக்கை முந்திக்கொண்டது. "உன் பிள்ளை கால் தடுக்கி விழுந்து செத்தது. போ, போ! தலைவருக்கு நேரமில்லை."

மான் அழுதுகொண்டே மந்தி டீச்சரிடம் வந்தது. "டீச்சர், என் பிள்ளை செத்துக் கிடந்த இடத்தில் இந்தக் காக்கையை நான் பார்த்தேன். மிச்சக் கறியைக் கொத்திக்கொண்டிருந்தது. ஆனால் நான் சொன்னால் தலைவர் நம்ப மாட்டார்."

டீச்சர் தலையைச் சொறிந்து யோசித்தது. "நீ சொல்ல வேண்டாம். காக்கையே காட்டிக் கொடுக்கட்டும்" என்றது.

மறுநாள் காலை தலைவர் சபை கூட்டியிருந்தார். மந்தி உயரமான மரத்தில் ஏறிக் கத்தியது. "கிழக்கு ஓடைக்கரையில் சிறுத்தை ஒரு கடமானை அடித்துப் போட்டிருக்கிறது! பாதிதான் தின்றிருக்கிறது!"

அவ்வளவுதான். முயலும் பன்றியும் மேற்கே விழுந்தடித்து ஓடின. தலைவர் மிரண்டுபோய், "என்னப்பா, சிறுத்தையே இல்லை என்றாயே?" என்று முதுகுப் பக்கம் திரும்பினார்.

முதுகு காலி! காக்கை கிழக்கே பறந்துகொண்டிருந்தது.

"வாருங்கள் ஐயா, உங்கள் ஆலோசகர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்" என்றது மான்.

ஓடைக்கரையில் செத்த கடமான் எதுவும் இல்லை, மந்தி சும்மா சொன்னதுதான். காக்கை மட்டும் பாறைக்குப் பாறை தாவி, புதருக்குப் புதர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன தேடுகிறாய்?" என்றார் தலைவர்.

"சும்மா... காற்று வாங்க வந்தேன், தலைவரே."

"சிறுத்தையே இல்லாத காட்டில், சிறுத்தை தின்ற மிச்சம் உனக்கு எங்கேயடா கிடைக்கும்?" என்று மான் சீறியது. "எங்கள் பிள்ளைகள் ஓடத் தெரியாமல் நின்றால்தானே உனக்கு விருந்து!"

காக்கை மெல்லப் பின்வாங்கியது.

பின்னாலேயே வந்த மந்தி, "ஐயா, நாங்கள் இலை போட்டது உங்களுக்கு. உங்கள் முதுகில் உட்கார்ந்தவருக்கு இல்லை" என்றது.

தலைவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு என் மேல்தான். பிள்ளைகளுக்கு என்ன பாடம் என்பதை இனி டீச்சரும் பெற்றோரும் என் முன்னால் பேசி முடிவு செய்யுங்கள்" என்றார். காக்கையைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். அது எழும்பிப் பறக்க, குருவிகள் எல்லாம் கூடிக் காட்டெல்லை வரை விரட்டி விரட்டிக் கொத்தின.

அன்று மாலையே சிறுத்தைப் பாடம் மறுபடி ஆரம்பமானது. பத்தாம் நாள் சிறுத்தை நிஜமாகவே வந்தது! புல்லுக்குள் பதுங்கிப் பதுங்கிப் பள்ளிக்கூடத்தை நெருங்கியது.

முதலில் மோப்பம் பிடித்தது சுட்டிதான். அந்தக் குட்டித் தொண்டையைத் திறந்து ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், காடே அதிர்ந்தது! முயல்கள் வளைக்குள், பன்றிகள் புதருக்குள், மான்கள் மேட்டுக்கு. ஒரு குட்டிகூடத் தப்பான பக்கம் ஓடவில்லை. சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

"அம்மா, நான்தான் கத்தினேன்!" என்று சுட்டி துள்ளியது.

"கேட்டதடா என் ராஜா, காடே கேட்டது!" என்று தாய்மான் அதை நக்கி நக்கிக் கொஞ்சியது.

நீதி: பிள்ளைகளின் பாடத்தில் யாராவது கை வைத்தால், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்க வேண்டும்.