பளிங்கு நின்ற இடம்

கோபன்ஹேகன் நகரில் தயாளினி என்றொரு குரு இருந்தார். காவி இல்லை, பட்டம் இல்லை. ஞாயிறு காலைகளில் வாடகை மண்டபம் ஒன்றைத் திறந்துவைத்து, வந்தவர்களோடு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு கேட்டவர்களுக்குப் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

சீடர்களில் மூத்தவர் பரராசசிங்கம். நகரப் பேருந்து ஓட்டுபவர். குருவைவிட வயதிலும் மூத்தவர். அதனால் அவர் குருவை "டீச்சர்" என்பார். குரு அவரை "அண்ணை" என்பார்.

நோயாளித் தாயோடு இருக்க, குரு கனடாவுக்கே போய்விட வேண்டி வந்தது. மண்டபச் சாவியைப் பரராசசிங்கத்திடம் நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்னாலை ஏலாது டீச்சர். நீங்கள் கதைச்சால் சனம் கண் கலங்குது. நான் கதைச்சால் அடுத்த பஸ் தரிப்பு எதெண்டு கேக்கும்."

"அப்ப மண்டபத்தைத் திருப்பிக் குடுப்பமோ?"

அதற்கும் அவருக்கு மனம் வரவில்லை. மனைவி கண்ணை மூடிய குளிர்காலத்தில், தொலைந்துபோன நித்திரை அவருக்குத் திரும்பி வந்தது அந்த மண்டபத்து நாற்காலி ஒன்றில்தான். அவரைப்போல இன்னும் சிலர், ஞாயிறை நம்பித்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குரு சாவியைப் பைக்குள் போட்டார். "சரி விடுங்கோ. போக முதல் எனக்கு நகரத்தை ஒருக்கால் சுத்திக் காட்டுங்கோ."

தப்பினேன் என்று பரராசசிங்கம் காரை எடுத்தார். கோபுரத்துக்கு வெளிப்புறமாகப் படி சுற்றிச் சுற்றி ஏறும் தேவாலயத்தைக் காட்டினார். படிக்குப் பதிலாக உள்ளே சரிவுப் பாதை வைத்துக் கட்டிய வட்டக் கோபுரத்தைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துத் தரிப்பின் பெயரையும் மறக்காமல் சொன்னார்.

"உள்ளை எப்பிடி இருக்கும்?"

"ஆருக்குத் தெரியும்? சனத்தோடை பஸ்ஸை நடுறோட்டிலை விட்டிட்டு இறங்கிப் போகேலுமே?"

கடைசியாக, பெரிய பச்சைக் குவிமாடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினார்.

"இதுதான் மாபிள் தேவாலயம். அடி முதல் நுனி மட்டும் பளிங்கு. ராசாக்கள் தொட்டால் இப்பிடித்தான் டீச்சர். அரைகுறை வேலை கிடையாது."

"நாளாந்தம் பாக்கிறனீங்களோ?"

"பின்னை? என்ரை பாதை எல்லோ."

"ஒருக்கால் இறங்கிக் கிட்டப் போய்ப் பாருங்கோ."

அவர் போனார். சுவரைத் தடவினார். அண்ணாந்து பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏமாற்றப்பட்டவர் போலத் திரும்பி வந்தார்.

"டீச்சர், கீழை ஒரு கல்லு. மேலை வேறை கல்லு."

"ஓம். ராசாவின்ரை பளிங்கு அவ்வளவு உயரத்தோடை நிண்டிட்டுது. நூறு வருசத்துக்கு மேலை மொட்டைச் சுவர்தான். புல்லும் முளைச்சுக் கிடந்ததாம். பிறகு வந்தவையள் சுண்ணாம்புக் கல்லாலை கட்டி முடிச்சினம்."

"அட, மலிவுச் சாமானே!" அவர் முகம் ஒரு கணம் வாடி, அடுத்த கணம் மலர்ந்தது. "இதைத்தானே நானும் சொல்லுறன் டீச்சர்! நீங்கள் பளிங்கு. உங்களுக்கு மேலை என்னைக் கொண்டுபோய் வைச்சால் வடிவு கெட்டுப் போகும். அப்பிடியே விட்டிருந்தால் பளிங்காவது பளிங்காய்க் கிடந்திருக்கும்."

வழக்காடி வென்றவர்போல அவர் நிமிர்ந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கடற்பக்கமிருந்து சரிந்து வந்த மழை.

"ஓடுங்கோ டீச்சர்!"

இருவரும் தூண்களுக்கிடையே ஓடி உள்ளே நுழைந்தார்கள். உள்ளே இவர்களைப்போல ஒதுங்கியவர்கள் பலர். ஒருவர் குடையை உதறிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தள்ளுவண்டியை மெல்ல ஆட்ட, அதற்குள் குழந்தை தூங்கியது. பரராசசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாங்கில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கண்கள் தாமாக மூடின. மூச்சு அடங்கியது. வெளியே மழை கொட்டிக்கொண்டேயிருந்தது.

நெடுநேரம் கழித்துக் குரு மெல்லக் கேட்டார்:

"அண்ணை, நனையுதோ?"

"இல்லையே."

"அந்தப் பளிங்குச் சுவர் தனிய நிண்ட காலத்திலை இதிலை இருந்திருந்தால்?"

அவர் கண்ணைத் திறந்தார். தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். குவிமாடம் எல்லோரையும் மூடிக்கொண்டு நின்றது. குடைக்காரரைப் பார்த்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார்.

ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். நீட்டினார்.

குரு பைக்குள்ளிருந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"மழை நாளிலை மண்டபக் கதவு இறுகும், அண்ணை. கொஞ்சம் தூக்கித் திறவுங்கோ."