செம்பி நாக்கைக் கொடுத்து வாங்கிய சட்டை

அந்தக் காலத்தில், காட்டு உயிர்களெல்லாம் பேசித் திரிந்தபோது, செம்பி என்ற அந்துப்பூச்சிக்குத்தான் வாய் அதிகம். நீளமான நாக்கை நீட்டித் தேன் குடிப்பாள். குடித்து முடித்ததும் ஊர்க்கதை அளப்பாள். செங்கல் நிறத்தில் அகலமான சிறகு அவளுக்கு.

வயிறு நிறைய முட்டையோடு இருந்தாள் செம்பி. அவள் பிள்ளைகள் தின்னும் இலை அந்தக் காட்டில் ஒரே ஓர் இலவங்க மரத்தில்தான் இருந்தது. அந்த மரத்திலோ கரிச்சான் குருவி குடியிருந்தது. முட்டையிடப் போன அக்காமார் ஒருத்தியும் திரும்பவில்லை. செம்பி மரத்தில் ஏறாமல் கீழேயே சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

மரத்தடிப் புற்றருகே நாகன் என்ற நல்ல பாம்பு அப்போதுதான் சட்டை உரித்துவிட்டுப் பளபளவென்று படுத்திருந்தான்.

"அண்ணே, அந்தப் பழைய சட்டையை எனக்குக் குடுங்க. உங்க முகத்தைக் கண்டாலே கரிச்சான் ஓடிருவான்."

"சும்மாவா? உன் நாக்கைக் குடு. தவளை தின்னு தின்னு எனக்கு வாய் செத்துப்போச்சு. தேன் குடிக்கணும்."

"நாக்கில்லாம நான் எப்படிச் சாப்பிடுறது?"

"அது உன் பாடு."

செம்பி தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஒரு பூவில் ஆசைதீரக் குடித்துவிட்டு, முட்டைகளிடம் சொன்னாள்: "பிள்ளைகளா, புழுவா இருக்கும்போதே வயிறு முட்டத் தின்னுருங்க. கூடு கட்டித் தூங்கி, சிறகோட வெளிய வந்தா சோறு கிடையாது."

அதுதான் அவளுடைய கடைசிப் பேச்சு. நாக்கைக் கொடுத்துவிட்டாள்.

நாகன் சட்டையின் தலையை இரண்டாகக் கிழித்து, சிறகு நுனிக்கு ஒரு பாதியாக ஒட்டினான். மிச்சத் துண்டுகளைச் சிறகின் நடுவில் ஒட்டினான். அவை கண்ணாடியாய் மின்னின.

செம்பி மரத்தில் போய் அமர்ந்தாள். "வா, வா, உனக்காகத்தான் பசியோட இருக்கேன்" என்று பாய்ந்த கரிச்சான், பாதியில் அலறியது. "ஐயோ, ஒண்ணுக்கு ரெண்டு பாம்பு!" மலைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் மூச்சுவிட்டது.

செம்பி நிம்மதியாக முட்டையிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரிக்க நாக்கு ஏது? சிறகைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள்.

நாகனோ அவள் நாக்கைத் தன் நாக்கோடு சேர்த்துக்கொண்டு பூப்பூவாய் அலைந்தான். வாசனை வந்தது, தேன் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

அன்று முதல்தான் பாம்பு இரட்டை நாக்கை நீட்டி நீட்டி வாசனை தேடுகிறது. செம்பியின் புழுக்கள் ஓயாமல் தின்கின்றன; சிறகு முளைத்த பெண்களோ பட்டினியாகவே முட்டையிடுகிறார்கள். அந்தப் பூச்சியைத் தொட்டால் பாம்புமுகச் சிறகைக் குலுக்குகிறதே, பயத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.