ஆற்றுக்குள் ஒரு கல்வெட்டு

எங்கள் ஊருக்கு ஆலை வரப்போகிறது என்றதும் ஊரின் வளங்களைப் பட்டியல் போட்டோம். முதல் வளம் புழுதி. அதை எழுத முடியாதே! "வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு" என்று எழுதச் சொன்னார் பேரூராட்சித் தலைவர் பொன்னுலிங்கம். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான்தான். வாரத்தில் ஒரு நாள் திறக்கிறேன். ஆலை வந்தால் அதுவும் போய்விடும்.

ஆலையிலிருந்து இன்ஜினியர் அம்மா வந்தார். தலைவர் என் காதைக் கடித்தார்.

"ஏலே மாசானம், ஆத்தக் காட்டு. ஆத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசின, வேலை போயிரும்."

நான் அந்த அம்மாவை நேராக ஆற்றுக்குள்ளேயே கூட்டிப்போனேன். தலைவர் பின்னாலேயே மூச்சுவாங்க ஓடிவந்தார்.

"நேத்துவரைக்கும் இடுப்பளவு ஓடுச்சு மேடம். இப்பத்தான் அணைய அடச்சாங்க."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"எனக்குப் பேச உத்தரவில்லைங்க மேடம். தலைவரே கல்லுல எழுதி வச்சிருக்காரு, படிச்சுக்கிடுங்க."

ஆற்றின் நடுவில் ஆளுயரக் கல் நின்றது. அவர் சத்தமாகவே படித்தார்: "பொன்னுலிங்கம் கிரிக்கெட் மைதானம். பத்தாம் ஆண்டுப் போட்டியின் நினைவாகத் தலைவர் பொன்னுலிங்கம் திறந்து வைத்தார்."

அந்த அம்மாவின் கார் கிளம்பியபோது ஊரின் முதல் வளம் எழுந்து நின்று வழியனுப்பியது.

தலைவர் முறைத்தார். "ஆத்தப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா அண்ணாச்சி?" என்றேன்.

ஆலை வரவில்லை. ஆனாலும் ஊரில் வேலைவாய்ப்பு பெருகத்தான் செய்தது. அந்தக் கல்லைப் பெயர்த்தெடுக்க நாலு பேருக்கு மூன்று நாள் வேலை. அதில் நானும் ஒருத்தன்.