ஏழு தடவை கழன்ற சாக்கெட்டு

"டீச்சர், அழிக்க அழிக்க வருது. நான் என்ன செய்ய?"

கேட்டவர் நம்பிராஜன். வயது ஐம்பத்தெட்டு.

பதில் சொல்ல வேண்டியவள் பாக்கியசீலி. அவரைவிடப் பதினேழு வயது இளையவள். ஐ.டி.ஐ.யில் எட்டு வருஷம் பாடம் நடத்திவிட்டு, அதை உதறிவிட்டு, திருநெல்வேலி பைபாஸில் கார் எலக்ட்ரிகல் பட்டறை போட்டவள். வேலையை விட்டாலும் 'டீச்சர்' அவளை விடவில்லை.

நம்பிராஜன் தொழிலுக்குப் புதியவர் அல்ல. முப்பது வருஷம் டீசல் பம்பு பார்த்த கை. கார்களுக்குள் கம்ப்யூட்டர் வந்ததும் அவரும் ஒரு ஸ்கேனர் வாங்கினார். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது என்று யார் போன் செய்தாலும் போவார். ஸ்கேனரைச் செருகுவார். எந்தப் பழுது என்று அது ஒரு குறியீட்டு எண், அதாவது 'கோடு', காட்டும். படிப்பார். அழிப்பார். விளக்கு அணைந்துவிடும்.

ஐந்து நிமிஷம். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு வந்தவர் மாதிரி கிளம்பிவிடுவார்.

'அழிப்பு அண்ணாச்சி' என்று ஊர் பெயர் வைத்தது. அதைப் பாராட்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது, அழித்த விளக்கெல்லாம் ஒரே வாரத்தில் திரும்ப வந்தது. வண்டிக்காரர்கள்தான் திரும்ப வரவில்லை.

"எனக்குக் கத்துக் குடுங்க, டீச்சர்."

பாக்கியசீலி கையை நீட்டினாள். அவர் ஸ்கேனரைக் கொடுத்தார். அவள் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"இனிமே வாற ஒவ்வொரு வண்டியிலயும் சாவியை ஒரு சுத்து மட்டும் திருப்புங்க. மஞ்ச லைட்டு எரியுதான்னு பாத்துச் சொல்லுங்க."

"பெறவு?"

"அவ்வளவுதான்."

*

ஒரு வண்டி வந்தது. அவர் சாவியைத் திருப்பினார்.

"எரியுதா, அண்ணாச்சி?"

"எரியுது, டீச்சர்."

அடுத்த வண்டி.

"எரியுதா, அண்ணாச்சி?"

"எரியுது, டீச்சர்."

ஒன்பது நாள் இப்படிப் போனது. ஒன்பதாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சாவி போட்டா எல்லா வண்டியிலயும்தான் எரியும். எஞ்சின் ஓடினதும் அணையும். எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும். இதுல என்ன படிப்பு இருக்கு?"

"டீ ஆறுது. குடிங்க," என்றாள் பாக்கியசீலி.

பத்தாம் நாள் ஒரு வெள்ளை வண்டி வந்தது. யாரோ விற்கக் கொடுத்த வண்டி. வாங்கப் போகிறவர் பார்த்துச் சொல்லச் சொல்லி விட்டுப் போயிருந்தார். நம்பிராஜன் சாவியைத் திருப்பினார். ஆயில் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது. மஞ்சள் மட்டும் இல்லை.

"எரியுதா, அண்ணாச்சி?"

"எரியல, டீச்சர். அருமையான வண்டி! லைட்டே இல்ல."

பாக்கியசீலி செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். மீட்டர் போர்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினாள். விளக்கு இருந்த இடத்தில் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

அதை உரித்தாள். திரும்ப மாட்டினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சினை ஓடவிட்டாள். அணையவில்லை.

நம்பிராஜன் டேப்பை வாங்கிப் பார்த்தார்.

"எரியுற வண்டிக்குப் பயப்படாதீங்க, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அவள் பழைய வேலைக்குப் போய்விட்டாள்.

*

இரண்டாம் மாசம் ஸ்கேனரைத் திருப்பிக் கொடுத்தாள். கூடவே ஒரு கட்டளையும் கொடுத்தாள்.

"வேலை முடிஞ்சா டிரையல் பாக்கணும். வண்டிக்காரங்களப் பக்கத்துல ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு ஓட்டணும்."

"அஞ்சு நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் டிரையலா?"

"ஆமா."

"சரி, நானே ஓட்டிப் பாக்கேன். அவுக எதுக்கு?"

"நின்ன இடத்துல சொல்லாததை ஓடுற வண்டியில சொல்லுவாக."

நம்பிராஜன் முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் டிரையல் பார்த்ததே கிடையாது. ஆனால் டீச்சர் சொன்னது பொய்யில்லை. பட்டறையில் 'ஒண்ணும் தெரியல, லைட்டு எரியுது' என்று நின்ற மனுஷன், பாளையங்கோட்டை திரும்புவதற்குள் வண்டி எங்கே முட்டியது, யார் முட்டியது, வீட்டில் ஏன் சொல்லவில்லை என்பது வரை கொட்டிவிடுகிறான்.

*

மூன்றாம் மாசம் நம்பிராஜன் ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"இது என் மக வண்டி, டீச்சர். குழலிக்குக் கல்யாணத்துக்குச் சீரா குடுத்தது. மாப்பிள்ளை பெருசா ஒரு வண்டி எடுத்துட்டாராம். 'இதை நீங்களே வச்சுக்கோங்க மாமா'ன்னு நேத்து டிரைவர் கையில குடுத்து விட்டுட்டாரு."

"மக வந்தாளா?"

"இல்ல. வண்டி மட்டும்தான்."

குழலி அவருக்கு ஒரே பெண். தாய் இல்லாத பெண். சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்து நாலு வருஷம் ஆகிறது.

நம்பிராஜன் பானெட்டைத் தூக்கினார். "இதைப் பாருங்க. என் கை வேலை."

காற்றுக் குழாயின் மேல் ஒரு சென்சார். பானெட்டைத் திறந்தால் முதலில் கைக்கு எட்டுவது அதுதான். அதில் செருகிய ஒயர் சாக்கெட்டைச் சுற்றி, இறுக்கமாக ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டியிருந்தது.

"ஏழு தடவை, டீச்சர். ஏழு தடவையும் இந்த ஒரே சாக்கெட்டு. போன் வரும். 'அப்பா, வண்டியில மஞ்ச லைட்டு எரியுது, வாங்க'ம்பா. பஸ் புடிச்சுப் போவேன். பாத்தா இது கழண்டு தொங்கும். டக்குனு செருகுவேன், கோடை அழிப்பேன், அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். ஏழாவது தடவை கோவம் வந்துட்டு. இழுத்து ஒரு டையைப் போட்டேன். 'இனி ஜென்மத்துக்கும் வராது'ன்னேன்."

"வந்துச்சா?"

"வரல! பதினாலு மாசம். ஒரு போன் கிடையாது."

பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்ததும் குரல் லேசாக இறங்கியது.

"ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. எதனால கழண்டுச்சுன்னு நான் பாக்கல. அழிச்சேன், கட்டினேன், வந்துட்டேன். இப்ப உங்ககிட்ட இருந்த பெறவு அது உறுத்துது. எப்படிக் கழண்டிருக்கும்?"

பாக்கியசீலி கட்டரை எடுத்து டையை வெட்டினாள்.

"கழண்டு விழுதான்னு பாருங்க."

*

நம்பிராஜன் எஞ்சினை ஓடவிட்டார். ஆக்சிலேட்டரை அழுத்தினார். வண்டி உதறியது. சாக்கெட்டு அசையவில்லை.

ஒயரைப் பிடித்து ஆட்டினார். இழுத்தார். வரவில்லை.

வண்டியைச் சர்வீஸ் ரோட்டில் விட்டார். தார் பெயர்ந்து முழங்கால் பள்ளம் கிடக்கும் ரோடு. ஒரு பள்ளம் விடாமல் இறக்கி ஏற்றினார். திரும்பி வந்து பானெட்டைத் தூக்கினார்.

சாக்கெட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"லாக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார். "உடையல. தேயல."

"ம்."

"பின்ன எப்படிக் கழண்டுச்சு?"

பாக்கியசீலி அவருடைய வலது கையைப் பிடித்தாள். கட்டைவிரலைச் சாக்கெட்டின் லாக்கு மேல் வைத்தாள். தன் விரலால் அதை அமுக்கினாள்.

டக்.

சாக்கெட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

*

நம்பிராஜன் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் குழலிக்குச் சொல்லிக் குடுத்தேன்," என்றார்.

பாக்கியசீலி எஞ்சினை அணைத்தாள்.

"கல்யாணத்துக்கு மொத நாளு. இதே மாதிரி பானெட்டைத் தொறந்து வச்சு. 'இந்த லாக்கை அமுக்கினாத்தான் கழலும், சும்மா கழலாது. கழண்டா லைட்டு எரியும். லைட்டு எரிஞ்சா ஓட்டாத. எனக்கு ஒரு போன் போடு. எந்நேரமானாலும் அப்பா வந்துருவேன்.' அப்படித்தான் சொன்னேன்."

"வந்தியளே."

"வந்தேன்."

அவர் வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"போன் போடும்போது பின்னால மாமியா குரல் கேக்கும், டீச்சர். 'யாருக்கு? என்னத்துக்கு?'ன்னு. 'வண்டி ரிப்பேரு அத்தை, அப்பாவைக் கூப்பிடுதேன்'ம்பா. அந்த வீட்டுல அதைச் சொல்லித்தான் அவளால என்னைக் கூப்பிட முடியும்னு எனக்கு ஏன் தோணாமப் போச்சு?"

வெட்டிக் கிடந்த டையை அவர் கையில் எடுத்தார்.

"'சாப்பிட்டுட்டுப் போங்கப்பா'ம்பா. 'பஸ் போயிரும்'பேன். ஏழு தடவையும் ஒண்ணு கேட்டா, டீச்சர். ஏழு தடவையும்."

"என்ன கேட்டா?"



"'ஓட்டிப் பாக்க வேண்டாமாப்பா? ஒரு ரவுண்டு போவோம். நானும் வாரேன்.'"

"நீங்க?"

"'கோடை அழிச்சாச்சு, ஓட்ட வேண்டியதில்ல'ன்னேன்."

இதைச் சொல்லிவிட்டு ஐம்பத்தெட்டு வயது மனுஷன் பட்டறை வாசலில் அழுதார். அழுகையை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அந்தக் கடைசித் தடவை. நான் டையை இறுக்கி முனையை வெட்டுறதப் பாத்துக்கிட்டே நின்னா. 'இனி வராது'ன்னேன். 'சரிப்பா'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. 'சரிப்பா'."

*

முகத்தைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். மணி பதினொன்று. பாக்கியசீலி பக்கத்தில் நின்றாள்.

மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தாள் குழலி.

"என்னப்பா, வேலை நேரத்துல?"

பின்னால் ஒரு குரல் கேட்டது. "யாரு?"

"அப்பா, அத்தை."

"நல்லா இருக்கியாம்மா?" என்றார் நம்பிராஜன்.

"நல்லா இருக்கேம்ப்பா."

"அங்க ஏதும் தொந்தர…"

"ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் நல்லா இருக்கு."

கேள்வி முடிவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. அழுகை இல்லை. கோபம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அப்பா ஒரு தரம் வந்துட்டுப் போவட்டா?"



"எதுக்குப்பா? வண்டிதான் இங்க இல்லையே."

போன் நின்றுவிட்டது. அவள் வைத்தாளா, யாராவது வாங்கி வைத்தார்களா என்று தெரியவில்லை. நம்பிராஜன் இன்னும் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எரியுதா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் பாக்கியசீலி.

அவர் போனைக் கீழே இறக்கினார்.

"எரியல, டீச்சர்."

அவள் சாக்கெட்டைச் செருகவில்லை. தொங்கவிட்டபடியே பானெட்டை மூடினாள். சாவியை அவர் கையில் வைத்தாள்.

"வண்டிக்காரியப் பக்கத்துல ஏத்திக்கிட்டு டிரையல் பாக்கணும். கிளம்புங்க."