ஊமத்தங்குடிப் பெண்கள் இளைத்த கதை

ஊமத்தங்குடிக்கு எப்படிப் போவது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. "நாங்க எப்பவும் இங்கேயேதான் இருக்கோம், எங்களுக்கு எதுக்கு வழி?" என்பார்கள்.

அந்த ஊரில் கல்யாண வீடுகளுக்குச் சீர்ப் பலகாரம் சுட்டுக் கொடுக்கும் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். மூத்தவள் தெய்வானை மாவு பிசைவாள். குஞ்சம்மா முறுக்குப் பிழிவாள். கனகாம்பரம் எண்ணெயில் வேகவிடுவாள். பவளக்கொடி ஆறவைத்து டின்னில் அடுக்குவாள். உடைந்ததை அடுக்க முடியாது என்பதால் தின்றுவிடுவாள். எந்த வேலையானாலும் நான்காகப் பிரித்துக்கொள்ளாமல் அவர்களுக்குச் செய்யத் தெரியாது. ஒருத்திக்கு இருமல் வந்தால்கூட மருந்தை நான்கு பங்கு போட்டுத்தான் குடிப்பார்கள்.

பவளக்கொடிக்கு நாற்பத்திரண்டு வயது. இதுவரை கடலைப் பார்த்ததில்லை. இந்த வருஷம் ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுக்குப் போட நான்கு பேரும் வேனில் போவதாக முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து அவள் தினமும் ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதில் காலை வைத்துப் பழகி வந்தாள்.

ஏற்கனவே ஒரு முறை கடலுக்குப் போய் வந்த தெய்வானைதான் எச்சரித்தாள். "அலை வந்துச்சுன்னா சேலையை இழுத்துட்டுப் போயிரும்டி. முழங்காலுக்கு மேல நல்லாத் தூக்கிச் சொருகிக்கணும்."

இதையும் பழகிப் பார்த்துவிடலாம் என்று கொல்லைப்புறத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேரும் சேலையைத் தூக்கிச் சொருகினார்கள். அப்புறம் ஒருத்தி தொடையை ஒருத்தி பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

"என்னடி இது, பணியாரச் சட்டி மாதிரி குழி குழியா?" என்றாள் குஞ்சம்மா.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்," என்றாள் கனகாம்பரம். "உங்களுக்கும் இருக்கா? அப்ப இதையும் நாலாப் பிரிச்சுத்தான் குடுத்திருக்கான் ஆண்டவன்."

தெய்வானை சேலையைச் சட்டென்று இறக்கிவிட்டாள். "கரையில ஊர்ப்பட்ட சனம் நிக்கும். அத்தனை பேர் முன்னாடி இந்தச் சட்டியைக் காட்டிக்கிட்டு என்னால நிக்க முடியாது. குழி போனாத்தான் கடல்."

பவளக்கொடி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேன் தெய்வானையின் தம்பியுடையது. அக்கா வராவிட்டால் வேன் இல்லை. வேன் இல்லாவிட்டால் கடல் இல்லை. வாளியில் உப்புத் தண்ணீர்தான் மிச்சம். அன்றைக்கே மூவரையும் இழுத்துக்கொண்டு லேடி டாக்டரிடம் போனாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது நோயே இல்லம்மா. முக்காவாசிப் பொம்பளைங்களுக்கு இருக்கு. தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மேல தள்ளுது, அவ்வளவுதான். முழுசாப் போகாது. சதை இறுகுனா, எடை குறைஞ்சா, அவ்வளவாத் தெரியாது. தைலம் தேய்க்கறதெல்லாம் வீண். வேகமா நடங்க, படி ஏறுங்க, சோத்தைக் குறைங்க, எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதீங்க. ஒண்ணு மட்டும் செஞ்சாப் போதாது. உடற்பயிற்சியும் வேணும், எடையும் குறையணும்."

வீட்டுக்கு வந்ததும் தெய்வானை வேலையைப் பிரித்துக் கொடுத்தாள்.

"நடக்கறது, படி ஏறறது ரெண்டும் பவளம். சோத்தைக் குறைக்கறது குஞ்சு. பலகாரம் பக்கம் போகாம இருக்கறது கனகாம்பரம். எல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறது நான்."

"உங்க வேலைதான்க்கா கஷ்டம்," என்றாள் குஞ்சம்மா உண்மையான கவலையோடு.

ஊமத்தங்குடியில் மாடி வீடு கிடையாது. ஊருக்கே படி என்று இருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி ஒன்றுதான். பவளக்கொடி மூச்சிரைக்க அதில் ஏறினாள். உச்சிக்குப் போனதும் கடல் தெரிகிறதா என்று பார்த்தாள். மாவு மில் தெரிந்தது. இறங்கலாம் என்று காலை எடுத்தபோது கீழேயிருந்து தெய்வானை கத்தினாள்.

"இறங்காதடி! டாக்டரம்மா ஏறத்தான் சொன்னாங்க. இறங்கச் சொல்லல. ஏறுன பலனெல்லாம் இறங்குனாப் போயிரும்."

"அப்ப நான் எப்படிக்கா வீட்டுக்கு வர்றது?"

கீழே மூவரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள். சாப்பாட்டைத் தூக்கில் வைத்துக் கயிறு கட்டி மேலே அனுப்பலாம் என்றாள் கனகாம்பரம். தொட்டியையே ஒரு வீடாக வைத்துக்கொள்ளலாம், தண்ணீர்ப் பஞ்சம் இருக்காது என்றாள் குஞ்சம்மா. கடைசியில் தெய்வானைக்கு யோசனை வந்தது.

"பவளம்! மூஞ்சிய மேலயே பாத்து வச்சுக்க. ஏறுற மாதிரியே காலை வை. ஆனா கீழ வா."

பவளக்கொடி அப்படியே வந்து சேர்ந்தாள். அதன்பின் ஊரில் எந்தத் திண்டிலிருந்து இறங்கினாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இறங்கினாள். இரண்டு முறை விழுந்தாள். விழுந்தபோதும் மேலேதான் பார்த்தாள்.

கனகாம்பரத்தின் பங்கு இன்னும் சிக்கலாக இருந்தது. பலகாரம் பக்கம் போகக் கூடாது. ஆனால் முறுக்கை வேகவிட வேண்டியவளும் அவளே.

"பக்கம்னா எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"பக்கத்து வீடுன்னு சொல்றோம்ல," என்றாள் தெய்வானை. "அங்க நின்னாக்கூடப் பக்கம்தான். அதுக்கும் அடுத்த வீட்டுல நில்லு."

ஆகவே அடுப்பு இந்த வீட்டு முற்றத்தில் இருந்தது, கனகாம்பரம் இரண்டு வீடு தள்ளி நின்றாள். மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கம்புகள் மூன்றை ஒன்றோடொன்று கட்டி, நுனியில் எண்ணெய் வடிக்கும் சாரணிக் கரண்டியைக் கட்டிக்கொண்டாள். முதல் ஈடு முறுக்கு சட்டியிலிருந்து கிளம்பி, நடு வீட்டுக் கூரையில் இறங்கியது. இரண்டாவது ஈடு, அசந்து உறங்கிக்கொண்டிருந்த நாயின்மேல் விழுந்தது. நாய் முறுக்கோடு ஓடிவிட்டது. "பாருங்கக்கா, பலகாரம் தானா என்னை விட்டு விலகிப் போகுது," என்று கனகாம்பரம் பெருமைப்பட்டாள்.

ஒரு மாதம் முடிந்ததும் எடை பார்க்க மாவு மில்லுக்குப் போனார்கள். ஆரம்பத்தில் எடை பார்த்ததும் அங்கேதான். மூட்டை நிறுக்கும் தராசில் நான்கு பேரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார்கள். அப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ. மில்காரர் அந்தோணி சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார். இப்போது மறுபடியும் ஏறினார்கள்.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றார் அந்தோணி.

நால்வரும் திகைத்தார்கள். சோற்றைக் குறைத்த குஞ்சம்மாவுக்கு ரவிக்கை தொளதொளத்தது. நடந்து நடந்து பசியெடுத்து அவள் பங்குச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்ட பவளக்கொடிக்கு ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை.

"என் ஆறு கிலோ எங்கக்கா போச்சு?" என்று குஞ்சம்மா கலங்கினாள்.

"எங்கேயும் போகலடி. பவளத்துக்கிட்ட பத்திரமா இருக்கு," என்று தேற்றினாள் தெய்வானை. பிறகு வெகுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பவளம், நீ கொஞ்சம் இறங்கு."

பவளக்கொடி வானத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினாள். முள் சரேலென்று திரும்பியது.

"இருநூத்தி இருபது!" என்று கத்தினார் அந்தோணி.

"தொண்ணூத்திரண்டு கிலோ குறைஞ்சிருச்சு!" மூவரும் தராசின் மேலேயே குதித்தார்கள். கீழே நின்ற பவளக்கொடியும் கைதட்டினாள். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே தெய்வானை சொன்னாள், "அமாவாசைக்கு நாம மூணு பேரும் கடலுக்குப் போறோம்."

"நான்?"

"நீதானே குறைஞ்ச எடை. குறைஞ்சதை மறுபடி வேன்ல ஏத்திக்கிட்டுப் போனா கூடிரும்ல?"

 அக்கா சொன்னதில் எந்தத் தப்பும் பவளக்கொடிக்குத் தெரியவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில், மூவரும் பிசைந்து பிழிந்துகொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"சேலையைத் தூக்குங்க."

தூக்கினார்கள்.

"குழி போயிருச்சா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். பணியாரச் சட்டி அப்படியே இருந்தது.

"எடை போனாத்தானே குழி போகும்? குழி போகல. அப்ப எடையும் போகல. எடைங்கிறது நான்தான். அதனால நான் உங்களை விட்டு இன்னும் போகல," என்றாள் பவளக்கொடி. "போகாத ஆளை எப்படி விட்டுட்டுப் போவீங்க?"

தெய்வானைக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு அறிவை வச்சுக்கிட்டு டின்னு அடுக்கிக்கிட்டு இருந்தியேடி," என்று கட்டிக்கொண்டாள். குழி இருந்தாலும் பரவாயில்லை, கரையில் நின்று பார்த்துவிட்டாவது வருவோம் என்று முடிவானது.

அமாவாசையன்று கடற்கரை நிறைய ஜனம். நால்வரும் சேலையைக் கணுக்கால்வரை இறுகப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நின்றார்கள். பவளக்கொடி மெதுவாகத் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தெய்வானையின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அக்கா, இதுக்கும் இருக்குக்கா!"

"எது?"

"மேடும் குழியும். உடம்பு பூரா."

பார்த்தார்கள். கரையிலிருந்து வானம் தொடும் இடம்வரைக்கும் ஒரு சாண் இடம் வழவழப்பாக இல்லை.

"எவ்வளவு பெரிய உடம்பு, பாவம்," என்றாள் குஞ்சம்மா. "ஆனா அத்தனை சனத்துக்கு முன்னாடி கொஞ்சங்கூடக் கூச்சப்படாமக் கெடக்கு பாரு."

பவளக்கொடி அதற்குமேல் காத்திருக்கவில்லை. சேலையைத் தொடைக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். முதல் அலை வந்து மோதியதும் அவள் போட்ட சத்தம் வேன்வரை கேட்டது. வாளித் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மற்ற மூவரும் பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் தொடையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கனகாம்பரம்தான் திடீரென்று கேட்டாள். "இது ஒரு நிமிஷம் சும்மா நிக்காம ஆடிக்கிட்டே இருக்கே, இத்தனை உடற்பயிற்சி செஞ்சுமா குழி போகல?"

"ஒண்ணு மட்டும் போதாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல," என்றாள் தெய்வானை. "எடையைக் குறைக்க யாரும் உதவல, பாவம்."

புளிசாதம் வந்த தூக்குவாளி காலியாக இருந்தது. தெய்வானை அதில் கடல் தண்ணீரை மொண்டாள், குஞ்சம்மா வாங்கினாள், கனகாம்பரம் கடத்தினாள், பவளக்கொடி மணலில் கொட்டினாள். கொட்டியதையெல்லாம் அடுத்த அலை வந்து நக்கிக்கொண்டு போனது. "வாயைக் கட்டாத உடம்பு எப்படி இளைக்கும்?" என்று தெய்வானை கடலை அதட்டினாள். அதன்பின் அதற்கு எட்டாத தூரத்தில், வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

பிற்பகலில் கடல் உள்வாங்கியது. காலையில் அலை தொட்ட இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய்விட்டிருந்தது. நால்வரும் இடுப்பில் கைவைத்து நின்று அந்த ஈர மணலைப் பார்த்தார்கள். தெய்வானை மறுபடியும் வாளியை எடுத்தபோது பவளக்கொடி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"போதும்க்கா. ஒரே நாள்ல இதுக்கு மேல இளைச்சா அதுக்குத் தலை சுத்தும்."